இரண்டு சுற்று ஊசிக்குப் பிறகும் பத்துக்குக் கீழே

டயலிசிஸ் தொடங்குகிறவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி போட வேண்டும் என்பது யூனிட்டுக்குப் போன புதிதிலேயே காதில் விழுந்துவிடும். போட்ட ஊசி பிடித்ததா இல்லையா, அதாவது உடம்பில் எதிர்ப்பு உண்டானதா என்று பார்க்கத் தனியாக ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது என்பதுதான் நிறைய வீடுகளுக்குத் தெரிவதில்லை. அட்டையில் எல்லாக் கட்டங்களிலும் திகதி விழுந்ததும் “சரி, முடிந்தது” என்று ஃபைலுக்குள் வைத்துவிடுகிறார்கள்.

என் அண்ணாவுக்கு இரண்டு சுற்றுப் போட்டும் பிடிக்கவில்லை. அதில் அவருடைய பரம்பரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. நான் வைத்தியர் இல்லை. அண்ணாவுடன் கிளினிக்குக்கும் டயலிசிஸுக்கும் போய்வருகிற தங்கச்சி. டொக்டர்மாரிடம் கேட்டதையும், வீட்டுக்கு வந்து படித்ததையும், பட்டதையும் எழுதுகிறேன். ஊசி பிடிக்காதவரின் வீட்டார் யாராவது இதைப் படித்தால் முதலில் அவர்கள் மனத்திலிருந்து ஒரு பாரம் இறங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இந்த வைரஸுக்கு டயலிசிஸ் யூனிட்டில் ஏன் இத்தனை பயம் என்றால், அது இரத்தத்தின் வழியாகப் பரவுவது. காய்ந்த மேற்பரப்பில் ஒரு சொட்டு இரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தாலும் 7 நாட்களுக்குக் குறையாமல் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. கட்டில்கள் நெருக்கமாக இருக்கிற, இரத்தம் உடம்புக்கு வெளியே ஓடித் திரும்புகிற ஓர் அறையில் அதற்கு வேறென்ன வேண்டும்? ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் 1969, 1970 காலத்தில் ஒரு டயலிசிஸ் யூனிட்டில் இந்த நோய் பரவியபோது நோயாளிகள் மட்டுமல்ல, அங்கே வேலை செய்தவர்களும் இறந்துபோனார்கள். வைரஸ் இருப்பவருக்குத் தனி மெஷின், மாதாமாதம் இரத்தப் பரிசோதனை என்கிற கட்டுப்பாடுகளெல்லாம் அப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து வந்தவை.

அண்ணாவுக்குச் சிறுநீரகம் பழுதானது சீனி வருத்தத்தால். பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தவர், காலையில் போனால் இரவுதான் வெள்ளவத்தைக்குத் திரும்புவார். டயலிசிஸ் தொடங்கிய பிறகு முதல் சுற்று ஊசி போட்டார்கள். சாதாரண ஆளுக்கு 20 மைக்ரோகிராம் போடுகிற இடத்தில் டயலிசிஸ் நோயாளிக்கு 40. முதல் ஊசி, பிறகு 1, 2, 6 மாதங்களில் என்று நான்கு தடவை. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து டைட்டர், அதாவது இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தோம். 10 யூனிட்டாவது இருந்தால்தான் பாதுகாப்பு. 100க்கு மேல் இருந்தால் நல்ல பிடிப்பு. அண்ணாவின் ரிப்போர்ட்டில் எண்ணுக்கு முன்னால் “குறைவு” என்கிற குறி போட்டு 2.00 என்று அச்சடித்திருந்தது. அதாவது அந்த மெஷினால் அளக்கிற அளவுக்குக்கூட ஒன்றுமில்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம். கரண்ட் போய் ஊசி மருந்து கெட்டிருக்கும் என்று மச்சான் சொன்னார். அண்ணா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, அதுதான் என்று அண்ணி அழுதா. அண்ணா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு என்னிடம், “என்ட உடம்பு இனி ஒண்டையும் ஏற்காது போல” என்றார். சிறுநீரகம் போன மனிசனுக்கு அந்த ஒரு எண் எவ்வளவு பெரிய அடி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மருந்து கெட்டுப்போகலாம் என்பது உண்மைதான். இந்த ஊசி 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனால் வீரியம் போய்விடும். ஆனால் அதே நாட்களில், அதே பெட்டியிலிருந்து பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கும் போட்டார்கள். அவருக்கு 100ஐத் தாண்டி வந்திருந்தது. அண்ணாவைவிட வயது கூடியவர். ஆகவே மருந்தில் பிழை சொல்ல இடமில்லை.

சிறுநீரகம் வேலை செய்யாதபோது இரத்தத்தில் தேங்கும் கழிவுகள் நோய் எதிர்ப்புச் செல்களை மந்தமாக்கிவிடும் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். நாற்பது வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான 10 பேருக்கு இந்த ஊசியைப் போட்டால் 9 பேருக்காவது பிடிக்கும். டயலிசிஸில் இருப்பவர்களிடம் அந்தக் கணக்கு வெகுவாகக் குறைந்துவிடுகிறது, சில இடங்களில் பாதிப் பேருக்குக்கூடப் பிடிப்பதில்லை. வயது, சீனி வருத்தம், உடம்பில் புரதம் குறைவது எல்லாம் அதை இன்னும் இழுத்து விழுத்தும். சரி, இவை எல்லாம் பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கும் இருக்கின்றனவே. அவருக்குப் பிடித்தது அண்ணாவுக்கு ஏன் பிடிக்கவில்லை?

அதற்குப் பதில் வேறொரு அலுவலில் வந்தது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்காக அண்ணாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் திசுப் பொருத்தம் பார்த்தார்கள். எச்.எல்.ஏ. டைப்பிங் என்பார்கள். நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்த நிலையத்தில் இதற்கென்றே ஆய்வுகூடம் இருக்கிறது. இரத்தம் கொடுப்பது மட்டும்தான் நம் வேலை. எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் ஒரே கூட்டமாக இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு செட், அம்மாவிடமிருந்து ஒரு செட். அதனால் கூடப்பிறந்த இருவருக்கு இரண்டு செட்டும் ஒன்றாக இருக்க 25 சதவீத வாய்ப்பு, ஒரு செட் மட்டும் பொருந்த 50 சதவீதம், ஒன்றுமே பொருந்தாமல் போக 25 சதவீதம். எனக்கும் அண்ணாவுக்கும் பாதிப் பொருத்தம். தம்பிக்கும் அண்ணாவுக்கும் முழுப் பொருத்தம். அன்று அண்ணி பம்பலப்பிட்டிப் பிள்ளையாருக்கு ஓடிப்போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தா.

ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் தம்பியைக் கேட்டார், “தம்பி, நீங்கள் லேபில் வேலை செய்கிறவர் தானே, ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டிருப்பியள். டைட்டர் எவ்வளவு?” தம்பி வேலைக்குச் சேர்ந்தபோது போட்டவன், அவனுக்கும் பிடிக்கவில்லை. திரும்பப் போட்டும் பத்தைத் தொடவில்லை. நல்ல தேகக்கட்டு உள்ள பெடியன், காய்ச்சல் தடிமன் என்று படுத்ததைக்கூட நான் காணவில்லை. அவனும் இதை வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லுகிற அளவுக்குப் பெரிய விஷயம் என்று அவன் நினைக்கவில்லை. எனக்கோ சாதாரண மூன்று ஊசியிலேயே 100க்கு மேல்.

டொக்டர் ரிப்போர்ட்டில் இரண்டு எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டினார். எச்.எல்.ஏ. வகைகளின் பெயர்கள் அவை. அண்ணாவுக்கும் தம்பிக்கும் டி.ஆர்.3, டி.ஆர்.7. எனக்கு டி.ஆர்.7, டி.ஆர்.15. இந்த ஊசி பிடிக்காதவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிற வகைகள் டி.ஆர்.3உம் டி.ஆர்.7உம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. டி.ஆர்.1, டி.ஆர்.13, டி.ஆர்.15 போன்றவை இருப்பவர்களுக்கு நன்றாகப் பிடிக்கிறது. நம் தெற்காசியர்களிடையே டி.ஆர்.7 அரிதான ஒன்றும் அல்ல. “ஒரு குடும்பத்தை வைத்து ஒன்றையும் நிரூபிக்க ஏலாது, ஆனால் உங்கட வீட்டில் நடந்தது ஆய்வுகள் சொல்லுகிறதோடு ஒத்துப்போகுது” என்றார் அவர். அண்ணாவைப் பார்த்து, “இதில் உங்கட பிழை ஒண்டும் இல்லை ஐயா” என்றும் சொன்னார். அண்ணா ஒரு நிமிடம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவை நிற்பாட்டி எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கித் தந்தார், தனக்கு மட்டும் அரைக் கோப்பை.

எச்.எல்.ஏ. என்ன செய்கிறது என்பதை அண்ணாவுக்கு அவருடைய கடைச் சாமான்களை வைத்தே விளங்கப்படுத்தினேன். இலங்கை வீடுகளில் பிளக் முனை ஒரே மாதிரி இருப்பதில்லை: வட்ட முனை, சதுர முனை, பெரிது, சின்னது. சுவரில் இருக்கிற சொக்கெட்டுக்குப் பொருந்தாத பிளக்கை வாங்கி வந்தால் சாமான் நல்ல சாமானாக இருந்தாலும் வேலை செய்யாது. ஹெபடைட்டிஸ் பி ஊசியில் இருப்பது முழு வைரஸ் அல்ல, அதன் மேலுறையில் உள்ள ஒரே ஒரு புரதம். 1986ஆம் ஆண்டிலிருந்து அதை ஈஸ்ட் செல்களில் வளர்த்து எடுக்கிறார்கள். அந்தப் புரதத்தை நம் செல்கள் துண்டு துண்டாக்கி எச்.எல்.ஏ. மூலக்கூறில் பொருத்தி, நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்களுக்குக் காட்ட வேண்டும். பொருந்தினால்தான் டி செல் விழித்து, எதிர்ப்புப் பொருளைச் செய்யச் சொல்லி மற்றச் செல்களை ஏவும். ஊசியில் ஒரே புரதம் மட்டும் இருப்பதால் துண்டுகளின் வகையும் குறைவு. நமக்குப் பிறப்போடு வந்த சொக்கெட்டுகளில் அவை சரியாக உட்காராவிட்டால் பதில் வராது, வந்தாலும் சோம்பலாக வரும்.

டயலிசிஸ் நோயாளிக்கு இதில் இரட்டைச் சுமை. அந்தக் காட்டுகிற வேலையைச் செய்யும் செல்களையே யூரியாவும் மற்றக் கழிவுகளும் மந்தமாக்குகின்றன. தம்பி போன்ற திடமானவருக்கே பிடிக்காத ஊசி, அதே மரபணுவோடு சிறுநீரகமும் போனவருக்கு எப்படிப் பிடிக்கும்?

எச்.எல்.ஏ. மட்டுமே காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. செல்கள் ஒன்றோடொன்று பேச அனுப்பும் இன்டர்லூகின் போன்ற பொருட்களின் மரபணுக்களும் இதில் சேர்கின்றன. போலந்தின் போஸ்னான் நகரத்து ஆய்வாளர்கள் டயலிசிஸ் நோயாளிகளிடமே இவற்றைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. பரம்பரைக்கு மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்பதை இரட்டையர்களை வைத்து அளந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 2002இல் வந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்குள் ஹெபடைட்டிஸ் பி ஊசியின் பதிலில் காணப்பட்ட வித்தியாசத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் பரம்பரையால் வந்தது. அதே ஆட்களுக்கு ஹெபடைட்டிஸ் ஏ ஊசி போட்டபோது அது 36 சதவீதம்தான். காம்பியாவில் இரட்டைக் குழந்தைகளிடம் பார்த்தபோது ஹெபடைட்டிஸ் பிக்கு 77 சதவீதம் வந்தது.

அந்த 60க்கும் 36க்கும் உள்ள வித்தியாசத்தை நான் அண்ணாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு ஊசி பிடிக்கவில்லை என்றால் மற்ற ஊசிகளும் பிடிக்காது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் வேறு துண்டுகள், வேறு மரபணுக்கள். கோவிட் ஊசிகளை எடுத்துக்கொண்டால், டி.கியூ.பி.1 என்கிற எச்.எல்.ஏ. மரபணுவின் 06 வகை இருந்தவர்களுக்குக் கூடுதல் எதிர்ப்பு வந்ததாக 2022இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆகவே “எனக்கு ஊசி பிடிக்காது” என்று சொல்லிக்கொண்டு ஃப்ளூ ஊசியையும் நிமோனியா ஊசியையும் விடுவது பெரிய ஆபத்து. அண்ணா விடப் பார்த்தார். நான் விடவில்லை.

பிறகு இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் பிடிக்காதவர்களில் கணிசமானவர்களுக்கு இரண்டாவதில் பிடிக்கும் என்பதால் கட்டாயம் முயல வேண்டும். இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஊசி தோள் தசையில் போட வேண்டும். பிட்டத்தில் போட்டால் கொழுப்புக்குள் போய்ப் பதில் குறையும். ஃபிஸ்டியுலா (டயலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் ஒருபோதும் போடக் கூடாது, பிரஷர்கூட அந்தக் கையில் பார்ப்பதில்லை. டயலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்க ஹெபரின் கொடுப்பார்கள், ஆகவே மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே ஊசியைப் போட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள். பஞ்சை வழமையைவிடக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடியுங்கள். 40 மைக்ரோகிராமை இரண்டு 20ஆகப் போட்டால் இரண்டும் உள்ளே போயிற்றா என்று பக்கத்தில் நிற்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சுற்றின் நடுவே நடந்ததுதான் எங்களை உலுக்கிய சம்பவம். ஊசி போட்டுச் சில நாட்களில் மாதாந்தப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை அது. “பொசிட்டிவ்” என்று வந்துவிட்டது. அண்ணாவை வழக்கமான கட்டிலிலிருந்து எழுப்பித் தனி மெஷினுக்கு மாற்றச் சொன்னார்கள். பக்கத்திலிருந்தவர்கள் பார்த்த பார்வையை அண்ணா இன்னும் மறக்கவில்லை. அண்ணி வீட்டில் கோப்பைகளைத் தனித்தனியாக வைக்கத் தொடங்கினா. (கோப்பையால் இது பரவாது, ஆனால் பயம் வந்த நேரத்தில் யார் கேட்பார்கள்?)

தம்பிதான் லேபில் இருப்பவன், உடனே கேட்டான்: “அக்கா, ஊசி எப்ப போட்டது?” ஊசியில் இருப்பதும் அதே மேலுறைப் புரதம்தானே. போட்ட பிறகு கொஞ்சக் காலம் அது இரத்தத்தில் தென்படும், 18 நாள் வரைக்கும்கூடத் தென்பட்டதுண்டு. டயலிசிஸ் நோயாளிக்கு இரட்டை அளவு போடுவதால் இன்னும் எளிதாக மாட்டும். டொக்டர் திகதியைப் பார்த்துவிட்டு, சில வாரம் கழித்துத் திரும்பப் பரிசோதிக்கவும் கூடவே வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா பார்க்கவும் எழுதித் தந்தார். இரண்டும் நெகட்டிவ். அந்த யூனிட்டைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை, சந்தேகம் வந்தால் தனியே பிரிப்பதுதான் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் ஊசித் திகதியை மாதாந்தப் பரிசோதனைத் தாளிலேயே எழுதியிருந்தால் அந்த வாரங்களின் கண்ணீர் மிச்சமாகியிருக்கும். இப்போது இரத்தம் எடுக்க வருகிற மிஸ்ஸியிடம் கடைசி ஊசி எப்போது என்று நாங்களாகவே சொல்லிவிடுகிறோம். முடிந்தால் மாதாந்த இரத்தத்தை ஊசிக்கு முன்பே எடுக்கச் சொல்கிறோம்.

இரண்டாம் சுற்று முடிந்து டைட்டர் பார்த்தபோது 4 சொச்சம். எழும்பத்தான் பார்த்தது, பத்துக்கு வரவில்லை. இனி அண்ணா ஊசி பிடிக்காதவர் என்றே கணக்கு.

அப்படியானவர் எப்படி இருப்பது? மாதாந்தப் பரிசோதனையை ஒருமுறைகூடத் தவறவிடுவதில்லை. இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வராமல் இரும்புச்சத்தையும், இரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொயட்டின் ஊசியையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறோம். இரத்தம் ஏற்றுவது குறைந்தால், மாற்றுச் சிகிச்சைக்குத் தடையாகும் எதிர்ப்புப் பொருட்கள் உருவாவதும் குறையும். மெஷினில் ஏற்றும்போது கிளவுஸ் மாற்றுகிறார்களா, ஹெபரின் குப்பி ஒருவருக்குப் பாவித்ததை இன்னொருவருக்கு எடுக்கிறார்களா என்று மரியாதையாகக் கவனிக்கிறேன். சந்தேகம் வந்தால் கேட்கிறேன். முகம் சுளித்தவர்கள் உண்டு, ஆனால் பெரும்பாலான மிஸ்ஸிமார் “கேட்டது நல்லது” என்றுதான் சொன்னார்கள். சவரக் கத்தி, நகம் வெட்டி, பல் துலக்கும் பிரஷ் அண்ணாவுக்குத் தனி. சலூனுக்குப் போனால் தன் பிளேடைக் கொண்டுபோவார்.

வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு ஊசி போட்டோம். இலங்கையில் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி 2003இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த அண்ணாவின் மூத்த மகளுக்கு யாரும் போட்டிருக்கவில்லை, அவளுக்கும் அண்ணிக்கும் இப்போது போட்டுப் பார்த்ததில் நன்றாகவே பிடித்திருக்கிறது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது பாதிதான், மற்றப் பாதி அம்மாவுடையது. ஆகவே அப்பாவுக்குப் பிடிக்காதது பிள்ளைக்கும் பிடிக்காது என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம்.

ஊசி பிடிக்குமா என்று அறிய எச்.எல்.ஏ. டெஸ்ட் செய்யலாமா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அதற்காக மட்டும் காசு செலவழிக்காதீர்கள். டி.ஆர்.7 உள்ள எத்தனையோ பேருக்கு ஊசி நன்றாகப் பிடிக்கிறது, நானே ஒருத்தி. போட்டுவிட்டு டைட்டர் பார்த்தால் தெரிந்துவிடும், அது மலிவும் நேரடியும். மாற்றுச் சிகிச்சைக்காக ஏற்கெனவே எடுத்த எச்.எல்.ஏ. ரிப்போர்ட் இருந்தால் மட்டும் அதைப் பத்திரப்படுத்தி டொக்டரிடம் காட்டுங்கள்.

நம் கையில் இருப்பது காலம். சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறத் தொடங்கியிருக்கிறது, டயலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை என்று யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அடுத்த கிளினிக்கிலேயே இந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள். சிறுநீரகம் ஓரளவாவது வேலை செய்யும்போது போட்டால் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். பிடித்தவர்களும் வருடத்துக்கு ஒருமுறை டைட்டர் பார்க்க வேண்டும், டயலிசிஸில் அது வேகமாக இறங்கும், பத்துக்குக் கீழே போனால் ஒரு பூஸ்டர். மாற்றுச் சிகிச்சை முடிந்துவிட்டால் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளால் ஊசி பிடிப்பது இன்னும் கடினம், உயிருள்ள கிருமியை வைத்துச் செய்த ஊசிகளைப் போடவும் முடியாது. ஆகவே எல்லா ஊசிகளையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தம்பிக்கான பரிசோதனைகள் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன, அண்ணாவுக்கு நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் அங்கே வேறு யூனிட்டில் டயலிசிஸ் செய்ய வேண்டிவரும். அதற்காக ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறேன்: இரண்டு சுற்று போட்ட திகதிகள், இரண்டு டைட்டர் எண்கள், கடைசி மாதாந்த ரிப்போர்ட், “ஹெபடைட்டிஸ் பிக்கு எதிர்ப்பு இல்லாதவர்” என்கிற டொக்டரின் கையெழுத்து. தவறி வேறொருவரின் இரத்தம் பட்டுவிட்டால் இவருக்கு ஊசியை நம்பியிருக்க முடியாது, ஹெபடைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளையே கொடுக்க வேண்டும். இரண்டு சுற்றிலும் பிடிக்காதவருக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை, முதலாவதை முடிந்தால் 24 மணித்தியாலத்துக்குள். அது எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்கிற மருந்து அல்ல. எங்கே கிடைக்கும், யாரைக் கேட்க வேண்டும் என்று உங்கள் யூனிட்டில் முன்கூட்டியே விசாரித்து அதே தாளின் கீழே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.